வானம் திருப்பித் தரும் குரல்: காவிரிப் படுகையில் சிற்றலை வானொலி கேட்டல்

தொலைதூர வானொலி நிலையம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அது இன்ன நிலையம் என்று அடையாளம் கண்டு, கேட்ட நேரத்தையும் அலைவரிசையையும் ஒலியின் தெளிவையும் குறிப்பேட்டில் பதிந்து, அக்குறிப்பை அந்நிலையத்துக்கே எழுதி அனுப்பி உறுதி பெறும் பழக்கத்துக்கு உலகெங்கும் ‘டி.எக்ஸ்.’ என்று பெயர். தந்தி இயக்குநர்கள் தொலைவைக் குறிக்கக் கையாண்ட சுருக்கக் குறி அது. வானொலி வழியே தாமும் பேசுவதற்கு அரசின் உரிமம் பெற்ற ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களிடமிருந்து இவர்கள் வேறுபட்டவர்கள். இவர்கள் கேட்பவர்கள் மட்டுமே. ஆயினும் இக்கேட்டல் வெறும் பொழுதுபோக்கு என்ற எல்லைக்குள் அடங்குவதில்லை. எந்த நேரத்தில் எந்த நாடு கேட்கிறது, எது மங்குகிறது, எது திடீரென மறைகிறது என்று நாள்தோறும் குறித்து வைப்பவர், தம் தலைக்கு மேலே நூறு முதல் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் நிகழும் மாற்றங்களையே, கண்ணால் காண முடியாத அவற்றைக் காதால் அளந்துகொண்டிருக்கிறார்.

இந்த அளவீட்டின் தொடக்கப் புள்ளியாகத் தாராசுரத்தைக் கொள்ளலாம். கும்பகோணத்தை அடுத்து, நெல்வயல்களும் பட்டுத்தறிகளும் சூழ, இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலைத் தாங்கி நிற்கும் இவ்வூர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் அமைந்துள்ளது. இங்கிருந்து திருச்சிராப்பள்ளி 75 கிலோமீட்டர், கொழும்பு 430, சிங்கப்பூர் 2,900, மணிலா 4,500, பெய்ஜிங் 4,900, லண்டன் 8,300. இவ்வெல்லா ஊர்களின் குரல்களும் ஒரு காலத்தில் காவிரிப் படுகையின் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தவை என்றாலும், அவை ஒவ்வொன்றும் வந்த வழி வேறு, வந்த நேரமும் வேறு. அந்த வேறுபாட்டின் காரணங்களே சிற்றலையின் அறிவியல்.

மீட்டரும் மெகாஹெர்ட்சும்

வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு நொடியில் அது எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். அடுத்தடுத்த இரண்டு அலைமுகடுகளுக்கு இடையிலான தொலைவு அலைநீளம். வேகம் மாறாதது என்பதால் ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்சில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 11.9 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பும் நிலையம் ‘25 மீட்டரில்’ இருப்பதாக அறிவிப்பாளர்கள் சொல்லி வந்தது இக்கணக்கின்படியே. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை உள்ள அலைகள் சிற்றலை எனப்படுகின்றன. அவற்றுள் 49, 41, 31, 25, 19, 16, 13 மீட்டர் எனக் குறிக்கப்படும் குறுகிய பகுதிகள் பன்னாட்டு ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்டவை. பழைய வானொலிப் பெட்டிகளின் கண்ணாடி முகப்பில் முள் நகரும் கோடுகளுக்கு அருகே அச்சிடப்பட்டிருந்த எண்களும் இவையே.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கப்பட்டது. அதன் 936 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு மத்திய அலையைச் சேர்ந்தது. அலைநீளம் 320 மீட்டர். இத்தகைய நீண்ட அலை நிலத்தின் மேற்பரப்பைத் தழுவியபடியே செல்லக்கூடியது என்பதால், தாராசுரம் போன்ற அண்மை ஊர்களைப் பகலிரவு வேறுபாடு இல்லாமல் சென்றடைகிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய ‘நோரின் 10’ வகையையும் ‘ஜி.இ.பி. 24’ வகையையும் கலந்து உருவாக்கிய ஆடுதுறை 27 என்ற நெல், 1960-களின் நடுப்பகுதியில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியே தஞ்சை மாவட்டம் முழுவதும் பரவி, உழவர்களின் வாயில் ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கியது. ஒரு குரல் ஒரு படுகையின் சாகுபடியையே மாற்றிய அந்த நிகழ்வுக்குத் தரையலையின் நம்பகத்தன்மை துணைநின்றது. சிற்றலைக்கு அந்த நம்பகத்தன்மை கிடையாது. அதன் தரையலையை மண்ணும் மரமும் கட்டடமும் விரைவாக உறிஞ்சிவிடுவதால், நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே அது பெரும்பாலும் ஓய்ந்துபோகிறது. அவ்வாறிருந்தும் சிற்றலை உலகைச் சுற்றி வருகிறது என்றால், அது மண்வழியே வரவில்லை என்பதே பொருள்.

வானத்தில் ஒரு கூரை

1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட குறியீட்டை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தபோது, நேர்க்கோட்டில் செல்லும் அலை பூமியின் வளைவைக் கடந்தது எவ்வாறு என்ற வினா எழுந்தது. மேல்வளிமண்டலத்தில் மின்னைக் கடத்தும் படலம் ஒன்று இருந்து அலைகளை வளைத்துத் திருப்புகிறது என்று அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் 1902-இல் தனித்தனியே கருத்துரைத்தனர். அப்படலத்தின் உயரத்தை எட்வர்ட் ஆப்பிள்டன் 1924-இல் சோதனை மூலம் அளந்து காட்டினார். அப்பணிக்காக 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் கல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா. அவர் 1947-இல் வெளியிட்ட மேல்வளிமண்டலம் பற்றிய ஆங்கில நூல் உலகெங்கும் ஆய்வாளர்களுக்கு நெடுங்காலம் கையேடாக விளங்கியது.

கதிரவனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிவதால் அங்கு மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்துள்ளன. எனவே அப்பகுதி அயனி மண்டலம் எனப்படுகிறது. அது பல அடுக்குகளால் ஆனது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கில் காற்று சற்று அடர்த்தியாக இருப்பதால், வானொலி அலையால் அசைக்கப்படும் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளோடு மோதி அலையின் ஆற்றலை வெப்பமாக்கி வீணடிக்கின்றன. ஆகவே அது அலையைத் திருப்புவதில்லை, விழுங்குகிறது. அதற்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஈ அடுக்கும், 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் எஃப் அடுக்கும் உள்ளன. தொலைதூரச் சிற்றலைக்கு உண்மையான கூரை இந்த எஃப் அடுக்குதான். கதிரவன் மறைந்ததும் டி அடுக்கு சில நிமிடங்களில் கலைந்துவிடும். ஆனால் காற்று மிக மெல்லியதாக உள்ள எஃப் உயரத்தில், பிரிந்த எலக்ட்ரான்கள் மீண்டும் அயனிகளோடு சேர நீண்ட நேரம் ஆவதால் அவ்வடுக்கு இரவிலும் நிலைத்து நிற்கிறது. விழுங்குவது போய்த் திருப்புவது மட்டும் எஞ்சுகிற இந்த மாற்றமே, விளக்கு வைக்கும் நேரத்தில் 49, 41 மீட்டர்களில் நாடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதற்குக் காரணம். டி அடுக்கின் விழுங்கும் திறன் அதிர்வெண் கூடக் கூட விரைந்து குறைவதால், பகல் நேரத்தில் 19, 16, 13 மீட்டர் போன்ற குறுகிய அலைகள் அதை ஊடுருவிச் சென்று திரும்புகின்றன.

கொழும்பிலிருந்து ஒரு கணக்கு

தமிழகத்தில் சிற்றலை கேட்டல் வீட்டுப் பழக்கமாக வேரூன்றியதற்கு இலங்கை வானொலியே முதற்காரணம். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் வானொலிக்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கையிடம் வந்து சேர்ந்தது. 1950 செப்டம்பர் 30-இல் அங்கு வர்த்தக சேவை தொடங்கியது. 1952-இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டபோது, அப்பாடல்களைத் தேடிய இந்திய நேயர்கள் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் தொடர்ந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் பாக் நீரிணைக்கு இப்பாலும் குடும்பத்தாரின் குரல்கள் போலவே அறியப்பட்டன.

கொழும்பின் சிற்றலை தாராசுரத்துக்கு வந்த வழியைப் பள்ளி வடிவியலைக் கொண்டே கணக்கிட முடியும். இரண்டுக்கும் இடையே உள்ள 430 கிலோமீட்டரில் பாதி 215. எஃப் அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், இரு ஊர்களுக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய வானில் உள்ள ஒரு புள்ளிக்கு அலை ஏறி, அங்கிருந்து மடங்கி இறங்க வேண்டும். அப்புள்ளியில் அலை செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 36 பாகை சாய்ந்திருக்கும். செங்குத்தாக மேலே அனுப்பப்படும் அலைகளுள், அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குத் தப்பிவிடாமல் திரும்பி வரக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் ‘மாறுநிலை அதிர்வெண்’ எனப்படும். அலை சாய்ந்து செல்லச் செல்ல அடுக்கு அதனினும் உயர்ந்த அதிர்வெண்களைத் திருப்ப வல்லதாகிறது. 36 பாகைச் சாய்வுக்கு அந்த வரம்பு மாறுநிலை அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ 1.23 மடங்கு. நண்பகலில் மாறுநிலை அதிர்வெண் 10 மெகாஹெர்ட்சாக இருக்குமானால், கொழும்புக்கும் தாராசுரத்துக்கும் இடையே 12.3 மெகாஹெர்ட்ஸ் வரை அலை திரும்பும். அன்று 25 மீட்டர் நிலையம் தெளிவாகக் கேட்கும். விடியலுக்கு முன் அது 4 மெகாஹெர்ட்சாக இறங்கினால் வரம்பு 5 மெகாஹெர்ட்சுக்கும் கீழே போய்விடும். அப்போது அதே 25 மீட்டர் மட்டுமன்றி 41 மீட்டரும் கூரையைத் துளைத்து வெளியேறிவிடும்.

பழைய நேயர்களை வியக்கவைத்த ஒரு புதிருக்கு இதுவே விடை. அதிகாலையில் பக்கத்துத் தீவின் நிலையம் மறைந்திருக்க, அதே மீட்டரில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு நாடு தெளிவாகக் கேட்கும். தொலைவிலிருந்து வரும் அலை தாழ்ந்த கோணத்தில், மிகச் சாய்வாக அடுக்கை அணுகுவதால் அது திருப்பப்படுகிறது. அண்மையிலிருந்து நிமிர்ந்து ஏறும் அலை தப்பிவிடுகிறது. தரையலை ஓய்ந்த இடத்துக்கும் வானலை இறங்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே எதுவும் கேட்காத பகுதி ‘தாண்டு மண்டலம்’ எனப்படுகிறது. தாராசுரம் சில வேளைகளில் கொழும்பின் தாண்டு மண்டலத்துக்குள் விழுந்துவிடும் ஊர்.

ஒன்று, இரண்டு, மூன்று தாவல்கள்

எஃப் அடுக்கில் ஒரு முறை பட்டுத் திரும்பும் அலை, பூமியின் வளைவு காரணமாக, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் வரையே ஒரே தாவலில் கடக்க இயலும். எனவே சிங்கப்பூர் தாராசுரத்துக்கு ஒரு தாவல் தொலைவு. மணிலாவும் பெய்ஜிங்கும் இரண்டு. லண்டன் குறைந்தது மூன்று. ஒவ்வொரு தாவலிலும் நிலமோ கடலோ அலையை மீண்டும் மேலே எறிய வேண்டும். உப்புநீர் அதைச் சிறப்பாகச் செய்யும், வறண்ட நிலம் பெருமளவு உறிஞ்சிவிடும். பல வழிகளில் வந்து சேரும் அலைகள் சில நேரம் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் சில நேரம் அழித்தும் கொள்வதால், குரல் பொங்கியும் தணிந்தும் ஒலிக்கும். சிற்றலைக்கே உரிய அந்த ஏற்ற இறக்கம் ‘மங்கல்’ எனப்படுகிறது.

இத்தாவல்களின் வழியே தமிழ் பல நாடுகளிலிருந்து வந்தது. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் போர்க்காலச் செய்திமடலாகத் தொடங்கியது. ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டார். மாஸ்கோ தமிழில் பேசியது, வத்திக்கான் பேசியது, மணிலாவிலிருந்து வேரித்தாஸ் பேசியது. பெய்ஜிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கப்பட்டது. அங்கு தமிழ் கற்ற சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர்களைச் சூடிக்கொண்டு பேசினர், அவர்களுக்காகத் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை நேயர் மன்றங்கள் எழுந்தன.

தமிழோசை நெடுங்காலம் இந்திய நேரப்படி இரவு 9.15 மணிக்கு ஒலித்தது. அந்நேரம் லண்டனில் பிற்பகல், தாராசுரத்தில் இரவு. வழியின் ஒரு முனை வெயிலிலும் மறுமுனை இருளிலும் இருக்கையில் இரண்டுக்கும் பொருந்தும் ஓர் அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பது ஒலிபரப்புப் பொறியாளரின் அன்றாடச் சிக்கல். அதைத் தவிர்ப்பதற்காகவே பெரிய நிலையங்கள் நேயர்களுக்கு ஒரு தாவல் தொலைவில் மறு ஒலிபரப்பு நிலையங்களை அமைத்தன. சிங்கப்பூரின் கிராஞ்சியில் பிபிசி அமைத்தது அவற்றுள் ஒன்று. நிகழ்ச்சி லண்டனில் தயாராகியிருந்தாலும், அலை உண்மையில் எங்கிருந்து புறப்பட்டது என்பதை அதன் வலிமையையும் மங்கலின் தன்மையையும் கொண்டே உய்த்துணர்வது தேர்ந்த நேயரின் திறன்.

காந்த நடுக்கோட்டின் அருகே

தமிழ்நாட்டு வானத்துக்கு உலகின் பெரும்பகுதிக்கு வாய்க்காத ஒரு தனித்தன்மை உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு முற்றிலும் இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. இந்தியாவில் முதல் ஆய்வு ராக்கெட் 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். தாராசுரம் அக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் உள்ளது. இப்பகுதியில் பகல் வேளையின் மின்புலமும் படுக்கைவாட்டுக் காந்தப்புலமும் சேர்ந்து அயனி மண்டலத்து மின்மத்தை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் திரளை, மேல்நோக்கித் தூக்குகின்றன; உயரே சென்ற மின்மம் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்குகிறது. ஏற்றத்தால் இறைத்த நீர் இருபுறமும் வாய்க்கால்களில் பாய, நடுவில் உள்ள கிணறு வற்றுவதைப் போல, காந்த நடுக்கோட்டின் மேலே எலக்ட்ரான் அடர்த்தி குறைந்து, அதற்கு ஏறத்தாழ 15 பாகை வடக்கிலும் தெற்கிலும் கூடுகிறது. ஆப்பிள்டன் 1946-இல் விளக்கிய இந்நிகழ்வு ‘நடுக்கோட்டு அயனியாக்க முரண்’ எனப்படுகிறது.

இதன் விளைவை மாலையில் காதால் கேட்கலாம். கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் எஃப் அடுக்கு வேகமாக உயர்ந்து, அதன் அடிப்பகுதியிலிருந்து அடர்த்தி குறைந்த மின்மக் குமிழிகள் மேலெழுகின்றன. அவ்வழியே வரும் அலை சிதறுவதால், சற்று முன்பு வரை சீராக ஒலித்த அறிவிப்பாளரின் குரல், ஓடும் மின்விசிறியின் எதிரே நின்று பேசியது போலப் படபடக்கத் தொடங்குகிறது. வானொலிப் பெட்டி பழுதாகிவிட்டது என்று பலரும் எண்ணிய அந்தப் படபடப்பு, விண்வெளி இயற்பியலாளர்கள் ராடார்களையும் ராக்கெட்டுகளையும் கொண்டு ஆய்ந்துவரும் நிகழ்வு.

அனைத்துக்கும் மேலாகக் கதிரவன் உள்ளான். அவன் மீதுள்ள கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன. அவை பெருகும் ஆண்டுகளில் எஃப் அடுக்கு செறிவடைந்து 16, 13 மீட்டர்கள் உயிர் பெறுகின்றன, குறையும் ஆண்டுகளில் அவை ஊமையாகின்றன. கதிரவனில் பெரிய தீப்பிழம்பு வெடிக்கும்போது அதன் எக்ஸ் கதிர்கள் எட்டு நிமிடங்களில் பூமியை அடைந்து டி அடுக்கைத் தடிக்கச் செய்வதால், பகலில் உள்ள நாடுகளில் சிற்றலை முழுவதும் சில நிமிடங்களுக்கோ ஒரு மணி நேரத்துக்கோ திடீரென அடங்கிவிடும். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்துள்ள கதிரவனின் ஒளிப்படங்களும், ஒரு நேயரின் குறிப்பேட்டில் உள்ள ‘இன்று 13 மீட்டரில் ஒன்றுமில்லை’ என்ற வரியும் ஒரே பொருளைப் பற்றிய இரண்டு பதிவுகள்.

முள்ளும் கம்பியும்

ஏரியலில் வந்து விழும் ஆயிரம் அலைகளுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது எவ்வாறு என்பதற்குத் தாராசுரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஐராவதேசுவரர் கோயிலின் பலிபீடத்துக்கு ஏறும் கற்படிகள் தட்டினால் வெவ்வேறு சுரங்களை எழுப்பும் இசைப்படிகள். தேய்ந்துவிடாமலிருக்க இப்போது கம்பிக் கூண்டுக்குள் காக்கப்படுகின்றன. ஒவ்வொரு கல்லும் தன் அளவுக்கும் இறுக்கத்துக்கும் ஏற்ற ஓர் இயல்பதிர்வெண்ணைக் கொண்டுள்ளதால்தான் அவற்றின் ஒலி வேறுபடுகிறது. வானொலிப் பெட்டியில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றுக்கும் அவ்வாறே ஓர் இயல்பதிர்வெண் உண்டு. குமிழைத் திருகும்போது மின்தேக்கியின் தகடுகள் ஒன்றின் இடையே ஒன்று நுழைந்தோ வெளியேறியோ அந்த அதிர்வெண்ணை மாற்றுகின்றன. வரும் அலைகளுள் எது அதனோடு ஒத்துப்போகிறதோ அது மட்டும் பெரிதாகி மற்றவை அடங்குவது ‘ஒத்ததிர்வு’ எனப்படும். கல்லில் அளவு நிலையானது, பெட்டியில் மாற்றக்கூடியது என்பதே வேறுபாடு.

பெரும்பாலான பெட்டிகள் பிடித்த அலையை 455 கிலோஹெர்ட்ஸ் என்ற நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிய பிறகே பெருக்குகின்றன. இதில் ஒரு கண்ணி உண்டு. மலிவான பெட்டிகளில் வலிமையான நிலையம், தன் உண்மையான இடத்திலிருந்து 455-இன் இருமடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு முறை பொய்யாகத் தோன்றும். 11,905 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 10,995-இலும் கேட்கும். புதிய நிலையத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழும் தொடக்கநிலை நேயர் முதலில் கற்க வேண்டிய பாடம் இந்த நிழலை அடையாளம் காண்பது.

பெட்டியின் விலையைவிட ஏரியலே பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. வீட்டு மாடத்திலிருந்து தென்னை மரம் வரை துணிக்கொடி போலக் கட்டிய பத்துப் பதினைந்து மீட்டர் செம்புக் கம்பி, பெட்டியோடு வரும் உலோகக் கோலைவிடப் பன்மடங்கு நன்மை தரும்; மரம் காற்றில் ஆடும்போது அறுந்துவிடாதபடி கம்பியில் சற்றுத் தளர்வு விட வேண்டும், இடி மின்னல் நாட்களில் பெட்டியிலிருந்து அதைக் கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மின்னல் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருந்தாலும், அதன் வெடிப்பொலி தாழ்ந்த மீட்டர்களில் இரவு முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கேட்டதை எழுதும் ஒழுக்கம்

கேட்டலை அறிவியலாக உயர்த்துவது குறிப்பேடு. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒருங்கிணைந்த பன்னாட்டு நேரத்திலேயே குறிப்பு எழுதப்படும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது கிடைக்கும், தாராசுரத்தின் இரவு 9.15 அதில் 15.45. நேரத்தை அடுத்து அலைவரிசை, மொழி, கேட்ட செய்தி அல்லது பாடலின் விவரம், பெட்டி, ஏரியல் ஆகியவை இடம்பெறும். இறுதியில் ‘சின்போ’ எனப்படும் ஐந்து இலக்கங்கள். அலையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், பரவலால் நேரும் மங்கல், மொத்தத் தரம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரும் முறை இது. 45433 என்று ஒருவர் எழுதினால் அலை நல்ல வலிமையுடன் வந்தது, குறுக்கீடு இல்லை, இரைச்சல் சிறிதளவு, மங்கல் ஓரளவு, மொத்தத்தில் நடுத்தரம் என்று பொருள். ஒலிபரப்புப் பொறியாளர் இந்த ஐந்து இலக்கங்களைப் பார்த்தே, தம் அலை நேயரைச் சேர்கிறதா, அலைவரிசையை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

அறிக்கையில் எழுதிய விவரங்கள் நிகழ்ச்சியோடு பொருந்தினால், நிலையம் ‘க்யூ.எஸ்.எல்.’ அட்டையை அனுப்பி உறுதி செய்யும். ‘கிடைத்தது என உறுதி செய்கிறேன்’ என்ற பொருளுடைய தந்திக் குறி அது. சிறிய நிலையங்களுக்கு எழுதுவோர் பதில் தபால் செலவுக்காக, உலக அஞ்சல் ஒன்றியம் 1906-ஆம் ஆண்டு ரோம் மாநாட்டில் ஏற்படுத்திய பன்னாட்டு மறுமொழிக் கூப்பனை உடன் வைப்பது வழக்கம். வானொலிப் பெட்டி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் 1980-களில் முடிந்தது. அந்த அஞ்சலகங்களின் வழியேதான் தொலைநாட்டு முத்திரை பதிந்த வண்ண அட்டைகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தன. சென்னையைச் சேர்ந்த ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் ‘சர்வதேச வானொலி’ என்ற இதழ் வழியே இக்கலையைத் தமிழிலேயே கற்பித்து, அலைவரிசை மாற்றங்களைச் சிற்றூர் நேயர்களுக்கும் எட்டச் செய்தது. அறிவியல் பழக்கம் ஒன்று தாய்மொழியில் வேர்விட்டதற்கு அது போற்றத்தக்க சான்று.

குறைந்துவரும் குரல்கள்

21-ஆம் நூற்றாண்டில் அந்த வானம் வெகுவாக அமைதியாகிவிட்டது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரி இறுதியில் சிற்றலையைக் கைவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் தமிழோசை வானொலியில் விடைபெற்றது. 2018-இல் வேரித்தாஸ் தன் சிற்றலைச் சேவையை நிறுத்தியது. இணையமும் பண்பலையும் நேயர்களைக் கவர்ந்தது ஒருபுறமிருக்க, எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் மின் இரைச்சல் எஞ்சிய மெல்லிய குரல்களையும் மூழ்கடிக்கிறது. ஒரு தெருவில் மின்சாரம் நின்றுபோகும் நேரத்தில் மின்கலப் பெட்டியை இயக்கிப் பார்த்தால், இரைச்சல் விலகி, அதன் அடியில் அதுவரை புதைந்திருந்த நிலையங்கள் வெளிப்படுவதைக் கேட்கலாம். அலைகள் வருவது நிற்கவில்லை, கேட்கும் இடமே கலங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை.

சிற்றலையின் தேவையும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது, படுகையின் தென்பகுதியில் மின்கம்பங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் வீழ்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்தன. ஒலிபரப்பிக்கும் பெட்டிக்கும் நடுவே கோபுரமோ கம்பியோ கட்டணமோ தேவைப்படாத தொலைதூர ஊடகம் சிற்றலை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதை அடுத்து பிபிசி அந்நாட்டுக்கென மீண்டும் சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியதும் இக்காரணத்தாலேயே.

இவ்விரண்டையும் விட, பள்ளிகளும் கல்லூரிகளும் கருத வேண்டிய பயன் ஒன்று உண்டு. அயனி மண்டலம், ஒத்ததிர்வு, எதிரொளிப்பு, கதிரவனின் சுழற்சி ஆகியவை பாடநூலில் படங்களாக இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பெட்டியும் ஒரு செம்புக் கம்பியும் ஒரு குறிப்பேடும் அவற்றை மாணவரின் சொந்த அனுபவமாக்க வல்லவை. காந்த நடுக்கோட்டின் அருகே வாழும் வாய்ப்பு உலகில் மிகச் சில மாணவர்களுக்கே உள்ளது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்து மாணவர்கள் அவர்களுள் அடங்குவர். ஒரே நிலையத்தை ஒரே நேரத்தில் ஓராண்டுக் காலம் கேட்டு, நாளுக்கு ஐந்து இலக்கங்கள் என்று எழுதி வந்தால், ஆண்டின் முடிவில் அக்குறிப்பேட்டில் இருப்பது தாராசுரத்துக்கு மேலே உள்ள வானத்தின் ஓராண்டு வரலாறாகும். மாலை ஆறரை மணிக்குக் கோயில் விமானத்தின் மீதிருந்து வெயில் இறங்கும்போது டி அடுக்கு இன்றும் கலையத்தான் செய்கிறது. 41 மீட்டரில் முதல் குரல் எந்த நிமிடத்தில் எழுந்தது என்று குறித்துக்கொள்ள ஒருவர் அங்கு இருக்க வேண்டும்.